நாற்பத்து மூன்றாவது புத்தகம்

காதர் பாய் புத்தகத்தை வலது கையால் மட்டும் பிடித்திருந்தார். இடது கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், பக்கத்தில் நின்ற இயந்திரத்தில் சுற்றி, இன்னொன்றின் வழியாக உடம்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கையை நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது.

மடியில் ஒரு தலையணை, அதன்மேல் புத்தகம். பக்கம் திருப்ப வேண்டுமென்றால் கட்டைவிரலால் தாளின் ஓரத்தை நெம்புவார். தாள் எழும்பியதும் குனிந்து மோவாயால் அழுத்திக்கொண்டு, விரல்களை அந்தப் பக்கம் நகர்த்துவார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் மோவாயால் படிப்பதைப் பார்த்து முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த டயாலிசிஸ் சென்டர். ஒன்பது சாய்வு நாற்காலிகள். பிளீச்சிங் பவுடரும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை. ரத்தம் வெளியே போய் வருவதில் எல்லோருக்கும் உடம்பு குளிரும். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே எல்லோரும் கழுத்துவரை கம்பளி போர்த்திக்கொண்டு, சத்தம் குறைத்த டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"இன்னா டீச்சர், பையைக் கெட்டியாப் புடிச்சுகினு நிக்கிறீங்க? உக்காருங்க."

"எந்த நம்பர் ஓடுது பாய்?"

"முப்பத்தி ஒன்பது. இன்னும் அறுபத்தொண்ணு கீது. ஆண்டவன் குடுத்தா முடிச்சிடலாம்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் பையில் எழுபத்தோராம் எண் புத்தகம் இருந்தது. அன்றைக்கும் அதை வெளியே எடுக்கவில்லை.

இந்தப் பத்திரிகைத் தொடரில் நான் பள்ளிக்கூட ஆய்வகத்தைப் பற்றி எழுதியதிலிருந்து, வாசகர்கள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதுகிறார்கள்: 'ஒரு மனிதர் வாழ்நாளில் அவசியம் படிக்க வேண்டிய புத்தகங்கள் எவை? ஒரு பட்டியல் கொடுங்களேன்.' மூன்று வாரமாக நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடி போட்டவர்

சிட்லபாக்கத்தில் எங்கள் காலனி நலச்சங்கத்துக்கு ஒரு படிப்பகம் உண்டு. ஏரிப் பக்கமாக ஒரே அறை. மூன்று பீரோக்கள், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். மழைக்காலத்தில் சுவரோரம் ஈரம் ஏறி, எல்லாப் புத்தகங்களும் நனைந்த சாக்கு வாடை அடிக்கும். நான் ஓய்வுபெற்ற அடுத்த மாதமே சாவி என் கைக்கு வந்துவிட்டது.

முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ வேதியியல் நடத்தியவள் நான். கெமிஸ்ட்ரி டீச்சருக்கு இலக்கியம் என்ன தெரியும் என்று யாரும் நேரடியாகக் கேட்டதில்லை. ஆனால் கமிட்டியில் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். தமிழய்யா என்றுதான் கூப்பிடுவோம். நான் எந்தப் புத்தகத்தைப் பாராட்டினாலும் "அப்படியா?" என்பார். அந்த ஒரு சொல் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

ஒருநாள் காலனி வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு புத்தகப் பட்டியலை அனுப்பினார்கள். நாமே ஒன்று போட்டால் என்ன என்றார் தலைவர். பொறுப்பை என் தலையில் கட்டினார்கள் என்று சொல்ல ஆசைதான். நானாகக் கை தூக்கினேன் என்பதுதான் உண்மை.

'வாழ்நாளில் ஒவ்வொருவரும் படித்தே தீர வேண்டிய நூறு புத்தகங்கள்.' அதில் அறுபத்திரண்டு நான் படித்தவை. மீதி முப்பத்தெட்டு, நான் படித்திருப்பேன் என்று மற்றவர்கள் நினைக்க வேண்டும் என்று நான் விரும்பியவை.

"அந்தப் பெரிய நாவல் இருக்கா? அது இல்லாம பட்டியலே கிடையாது" என்றார் தமிழய்யா.

"அதை விடுவேனா ஐயா? ரெண்டு தரம் படிச்சிருக்கேன்" என்றேன்.

எண்ணூற்று நாற்பது பக்கம். பீரோவிலிருந்து அதை எடுத்துத் தூசி தட்டியதோடு சரி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதை நிஜமாகவே இரண்டு தரம் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஃபிரேம் போட்டோம். கண்ணாடி போட வந்தவர்தான் காதர் பாய். மேற்குத் தாம்பரத்தில் கண்ணாடி, பிளைவுட் கடை. கடையில் ஆள் இருந்தும் தானே வந்தார். கண்ணாடியைப் பொருத்தி, பழைய பேப்பரால் துடைத்துக்கொண்டே ஒன்றிலிருந்து நூறுவரை உதடு அசையப் படித்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர்.

"இத்தினி புக்கையும் நீங்க படிச்சீங்களா டீச்சர்?"

"படிக்காம போடுவேனா பாய்?"

தமிழய்யாவிடம் சொன்ன பொய் பெருமைக்காகச் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி துடைக்கும் மனிதரிடம் எதற்குப் பொய் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வருஷம் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி காலையில் நான்கு மணி நேரம் அந்த நாற்காலி. இரண்டு வாரம் விட்டத்தைப் பார்த்தார், ஒரு வாரம் செல்போனைப் பார்த்தார். பிறகு நேரே படிப்பகத்துக்கு வந்து நின்றார்.

"கண்ணாடி போட்டவனே படிக்கலேன்னா நல்லாருக்குமா? ஒண்ணாம் நம்பர் குடுங்க டீச்சர்."

பீரோ வரிசை

இங்கேதான் நான் செய்த கோளாறைச் சொல்ல வேண்டும்.

பட்டியலில் இருந்த எண்களுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. வாசலோரம் இருந்த முதல் பீரோவிலிருந்து தொடங்கி, கண்ணில் பட்ட வரிசையில் எழுதிக்கொண்டு போனேன், அவ்வளவுதான். முதல் பீரோவில் இருந்தவை வீடு மாறிப் போனவர்கள் தலையைச் சுற்றிப் போட்டுவிட்டுப் போனவை. நான் உயிராக நினைத்த புத்தகங்கள் மூன்றாவது பீரோவில், ஜன்னல் பக்கம், என் நாற்காலிக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தன. அதனால் அவையெல்லாம் எழுபதுக்குமேல் போய்விட்டன.

எண் என்றால் தரவரிசை என்று காலனி முழுக்க நினைத்துக்கொண்டது. யாராவது கேட்டால், "வரிசைக்கு ஒரு காரணம் இருக்கு" என்று சொல்லிவிட்டு மேலே பேச மாட்டேன்.

காதர் பாய் பட்டியலை ஒரு ஜெராக்ஸ் எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்தடுத்த புத்தகத்தை, பெரும்பாலும் வியாழக்கிழமைகளில், நானே சென்டருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். முடிக்க முடிக்க, கண்ணாடியில் குறி போடும் அந்தக் கொழுத்த பென்சிலால் டிக் போடுவார். பன்னிரண்டாம் எண் கிட்டத்தட்ட ஒரு சமையல் குறிப்புப் புத்தகம். அதையும் ஒரு வரி விடாமல் படித்தார். உப்பு, புளி, தண்ணீர் எல்லாம் அளந்து சாப்பிட வேண்டிய மனிதர்.

"உங்களுக்கு எது தோணுதோ அதை முதல்ல படிங்களேன் பாய்."

"நீங்க நம்பர் போட்டு வச்சிருக்கீங்க. கீழ் மாடி கட்டாம மேல் மாடி எப்டி டீச்சர் கட்டுறது?"

எழுபத்தொன்று

காதர் பாயின் ஒரே மகள் நஸ்ரின். நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. ஒரு சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிப்போக வந்தவள், என்னை மாடிப்படியில் நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, ஹார்ட் ரொம்ப வீக்காயிடுச்சாம். கிட்னி மாத்துறதெல்லாம் முடியாதுன்னுட்டாங்க. ஒரு வருஷம் போனா பெருசுன்னு டாக்டர் சொல்றார். அத்தாகிட்ட நாங்க சொல்லல."

அப்போது அவர் முப்பத்தோராம் எண்ணில் இருந்தார். என் மனம் கணக்குப் போட்டுவிட்டது. இந்த வேகத்தில் போனால் மூன்றாவது பீரோவை அவர் தொடவே மாட்டார்.

எழுபத்தோராம் எண் ஒரு சின்னப் புத்தகம். தொண்ணூற்றாறு பக்கம். என் கணவர் இறந்த வருஷம் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைத்தது அதுதான். உலகத்தில் ஒரு மனிதருக்கு நான் ஒரே ஒரு புத்தகம் கொடுக்க முடியும் என்றால் அதைத்தான் கொடுப்பேன். அடுத்த வியாழக்கிழமையே அதைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

போய் என்ன சொல்வது? 'வரிசையை விட்டுடுங்க பாய், இதை முதல்ல படிங்க' என்றால், ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் உங்களுக்கு நேரம் இல்லை. அதை நான் எந்த வாயால் சொல்ல? வரிசையே பொய் என்று சொல்லலாம். அதற்கு என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இரண்டில் எது என் வாயைக் கட்டியது என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். முதலாவதுதான் என்று சொல்லிக்கொள்வேன். முழுக்க நம்பியதில்லை.

ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். 'திருத்திய பட்டியல்' என்று ஒன்று அச்சடித்து, எழுபத்தொன்றை மேலே கொண்டுவந்து, ஒரு பிரதியை அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"அளவு குடுத்து கண்ணாடி அறுத்தப்புறம் மாத்த முடியாது டீச்சர். பழைய லிஸ்ட்ல ஆரம்பிச்சேன், அதுலயே போறேன்."

ஒவ்வொரு வியாழனும் எழுபத்தொன்று என்னோடு கிழக்குத் தாம்பரம் போகும். காய்கறிப் பைக்குள் கொத்தமல்லி வாடையோடு திரும்பி வரும்.

பழுப்பு வளையம்

அவருக்குப் பேச்சுத் துணை வேண்டியிருந்தது. நான் பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்வேன். அவருக்கு மிகவும் பிடித்தது உப்புப் பரிசோதனைக் கதை.

செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு உப்பைக் கொடுப்போம். சோதனை செய்து அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். சிலர் ஆய்வக உதவியாளரிடம் உப்பின் பெயரை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, ஒரு சோதனையும் செய்யாமல் எல்லாம் செய்த மாதிரி எழுதி வைப்பார்கள். அவர்களைப் பிடிக்க என்னிடம் ஒரு வழி இருந்தது. நைட்ரேட் உப்புக்கு மட்டும் குழாயில் ஒரு பழுப்பு வளையம் வரும். வேறு உப்பு வைத்திருக்கும் பெண்ணிடம் போய், "வளையம் நல்லா தடிமனா வந்துச்சா?" என்று சாதாரணமாகக் கேட்பேன்.

"சூப்பரா வந்துச்சு மிஸ்" என்பாள். அத்தோடு மாட்டினாள்.

காதர் பாய் கம்பளிக்குள் குலுங்கிச் சிரித்தார். இயந்திரம் கத்தியது. நர்ஸ் ஓடி வந்து, கையை ஆட்டாதீங்க பாய் என்று திட்டிவிட்டுப் போனாள்.

"இல்லாததை கேட்டுப் புடிக்கிறது. பலே டீச்சர்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நாலு துண்டு

நாற்பத்து மூன்றாம் எண் வந்தது. அந்தப் பெரிய நாவல்.

"இது எப்டி டீச்சர்?"

"அற்புதமா இருக்கும் பாய். கொஞ்சம் பொறுமையா படிக்கணும்."

அதற்குள் அவர் மெலிந்து, சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. வலது கையில் பலம் குறைந்துவிட்டது. அந்தக் கனத்தை ஒரு கையால் தூக்க முடியவில்லை. இரண்டு முறை புத்தகம் நழுவிக் கீழே விழுந்தது. ஒரு வியாழக்கிழமை மிகவும் தயங்கிக் கேட்டார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இதை நாலா அறுத்து ஸ்பைரல் போட்டுக்கட்டா? நானே நூல் புடிச்ச மாதிரி அறுத்துத் தரேன்."

படிப்பகப் புத்தகத்தில் கோடு போட்டாலே சண்டைக்குப் போகிறவள் நான். சரி என்றேன். அப்போதாவது, இதை விட்டுடுங்க பாய், அடுத்ததுக்குப் போங்க என்று சொல்லியிருக்கலாம். பையில் எழுபத்தொன்று இருந்தது. சரி என்று மட்டும்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் நாவல் நான்கு ஸ்பைரல் நோட்டுகளாகத் தலையணைமேல் இருந்தது. ஓரம் ஒன்றுகூடப் பிசிறு இல்லை.

படகுக்காரன்

முதல் துண்டை முடித்து இரண்டாவதில் இருந்தபோது, ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டே கேட்டார். தாகம் தாங்காதபோது அவருக்கு அதுதான் அனுமதி.

"டீச்சர், அந்தப் படகுக்காரக் கிழவன் வர்ற எடம் எப்டி?"

நான் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "அடடா, அதுதானே பாய் அந்த நாவலோட உயிரே!"

அவர் என்னைப் பார்த்தார். ஐஸ் கட்டியைக் கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார்.

"ஆமா டீச்சர்" என்றார். குனிந்து, மோவாயால் தாளை அழுத்திக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

பிரிக்காத துண்டு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சென்டருக்குக் கிளம்பும்போது, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அன்று மாலையே அடக்கம். பெண்களோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். வெளியே தண்ணீர் லாரி ஒன்று வழி கேட்டு ஹாரன் அடித்தது. யாரோ எழுந்து போய் வண்டிகளை நகர்த்தினார்கள்.

நாற்பது நாள் கழிந்து நஸ்ரின் படிப்பகத்துக்கு வந்து ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தாள். நான்கு ஸ்பைரல் நோட்டுகள். மூன்றில் ஓரங்கள் விரல் அழுக்கில் கறுத்திருந்தன. நான்காவது விறைப்பாக, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி, கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. கூடவே அந்த ஜெராக்ஸ். நாற்பத்திரண்டு டிக்.

அன்றே படிக்க ஆரம்பித்தேன். அவர் படித்த மூன்று துண்டையும் படித்தேன், படிக்காத நான்காவதையும் படித்தேன். பதினோரு நாள் ஆயிற்று.

அந்த நாவலில் படகுக்காரன் இல்லை. கிழவன் இல்லை. ஆறுகூட இல்லை. எண்ணூற்று நாற்பது பக்கமும் மழை பொய்த்த ஒரு பொட்டல்காட்டில் நடக்கிறது. ஒருவேளை மூன்றாவது துண்டில், ஒருவேளை கடைசியில் என்று தேடிக்கொண்டே போனேன். தண்ணீரை அளந்து குடித்த மனிதர் எனக்காகத் தன் மனசிலிருந்து ஒரு ஆற்றையும் ஒரு படகையும் எடுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்த அதே வழி. சூப்பரா வந்துச்சு மிஸ் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

என் ஐம்பது வருஷப் படிப்பே ஒரு அவமானமாகத் தெரிந்தது.

கடையில்

மறுநாள் மேற்குத் தாம்பரம் போனேன். நஸ்ரின் விடுப்பு போட்டுவிட்டுக் கடையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அறுத்து மிஞ்சிய கண்ணாடித் துண்டுகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நஸ்ரின், அந்தப் பெரிய நாவலை நான் படிச்சதே இல்லம்மா. இப்பதான் படிச்சேன்."

அவள் நிமிரவில்லை. "தெரியும் ஆன்ட்டி. அத்தா சொன்னாங்க."

"எப்ப?"

"படகுக்காரன் கேட்டாங்களே, அன்னைக்கே. வீட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு. அவ்ளோ சிரிச்சு நாங்க பாத்து ரொம்ப நாளாச்சு. பிடிச்ச புக் குடுக்கும்போதெல்லாம் நீங்க பாதிக் கதையைச் சொல்லிக் கெடுத்துடுவீங்களாம். அற்புதம்னு சொன்ன இதுக்கு மட்டும் கதையே சொல்லலையாம். அதான் டெஸ்ட் பண்ணேன்னாங்க."

"தெரிஞ்சும் ஏன்மா அதையே படிச்சார்? விட்டுட்டுப் போயிருக்கலாமே?"

"நானும் சண்டை போட்டேன். கை வலிக்குது, கண்ணு மங்குது, எதுக்குத்தா இதுன்னு கேட்டேன்." நஸ்ரின் சாக்கைக் கீழே வைத்தாள். "'டீச்சர் எல்லாருக்கும்னு போர்டுல போட்டுட்டாங்க. நான்தான் கண்ணாடி போட்டேன். யாராவது ஒருத்தராவது அதைப் படிச்சிருக்கணும்ல?'ன்னாங்க."

சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

"புக் நல்லா இருந்துச்சா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

இந்த ஒரு தடவையாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "இல்லம்மா. நல்லா இல்ல."

நஸ்ரின் தலையை ஆட்டினாள். "அத்தாவும் அதான் சொன்னாங்க. முதல் துண்டுலயே."

வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது பையில் கை விட்டேன். எழுபத்தொன்று அங்கேதான் இருந்தது.

பட்டியல் கேட்டு எழுதிய வாசகர்கள் மன்னிக்க வேண்டும். என்னிடம் பட்டியல் இல்லை. ஒரு புத்தகம் மட்டும் இருக்கிறது. தொண்ணூற்றாறு பக்கம், கனமே கிடையாது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நான்கு மணி நேரத்துக்குள் படித்துவிடலாம். அதைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க எனக்கு முப்பது வியாழக்கிழமைகளாவது இருந்தன.